சந்தனம் சொல்லாத பெயர்

பரளச்சியிலிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டரில் உள்ள அந்தச் சிற்றூரில் சந்தனம் வீடு எது என்று கேட்டால் யாரும் உடனே காட்ட மாட்டார்கள். அங்கே சந்தனம் என்ற பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். வேட்டுக்காரச் சந்தனம் என்று கேட்க வேண்டும். அவர் பிறந்தது 1966-ஆம் ஆண்டு ஆவணி மாதம். பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருக்கும். அது சேர்த்துக்கொண்ட வாத்தியார் போட்ட தேதி. ஆதார் அட்டையிலும் அதுவே ஏறிவிட்டது.

அவருடைய அப்பா, சம்சாரி என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்காரர் வீடுகளில் பண்ணைவேலை பார்த்தவர். சந்தனம் பதினெட்டு வயதில் கிணறு வெட்டும் செட்டில் கல் சுமக்கப் போனார். இந்தப் பக்கத்து நிலத்தில் மேலே ஆறடி கரிசல், அதன் கீழே சுக்காம்பாறை, அதற்கும் கீழே கடப்பாரை இறங்காத கரும்பாறை. கோடையில் தண்ணீர் கீழே போகப் போகக் கிணற்றையும் கீழே கொண்டுபோக வேண்டும். கம்ப்ரஸர் டிராக்டரால் பாறையில் குழி போட்டு, குழிக்குள் வெடிக்குச்சியும் திரியும் வைத்து, மேலே ஏறி வந்து மூன்று தடவை “வேட்டு” என்று கத்திவிட்டுத் தகர்ப்பார்கள். அந்த வேலைக்கு 1993-இல் அவர் வந்தார். எட்டுக் குழி வைத்தால் எட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ஏழு கேட்டால் அன்றைக்குக் கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது. சம்சாரி கெஞ்சினாலும் முதலாளி கோபித்தாலும் இறங்க விட மாட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் வேட்டு வைத்த கிணற்றில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. 2004-இல் ஒரு தடவை கல் தெறித்து அவருடைய இடது முன்கையிலும் தாடையிலும் கரும்புள்ளிகள் தோலுக்குள் தங்கிவிட்டன. சேதம் என்றால் அவ்வளவுதான்.

வெடி லைசென்ஸ் முதலாளி மருதுபாண்டியின் பெயரில் இருக்கிறது. வெடி வைக்கிற ஆளுக்குத் தனியாக ஓர் அட்டை உண்டு. போட்டோ ஒட்டி முத்திரை குத்தியது. அந்த அட்டை சட்டைப்பையில் இல்லாமல் சந்தனம் வேலைக்குப் போனதில்லை.

அவருக்கும் சோலையம்மாளுக்கும் ஒரே மகள், தங்கமாரி. அருப்புக்கோட்டையில் பட்டப்படிப்பு முடித்தாள். விடியற்காலையில் கண்மாய்க்கரையில் ஓடி ஓடிப் பழகி, மூன்றாவது முயற்சியில், விமான நிலையங்களைக் காவல் காக்கிற மத்தியப் படையில் தேர்வானாள். அவளைப் பற்றி விசாரிக்க 2023 டிசம்பரில் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். காப்பியைக் குடித்துக்கொண்டே, “வீட்டுல யார் மேலயாவது கேஸு கீஸு உண்டா? ஒண்ணு இருந்தாலும் பிள்ளைக்கு வேலை போயிரும், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது தினமும் பல வீடுகளில் சொல்கிற வார்த்தை. சந்தனத்துக்கு அது நெஞ்சில் தங்கிவிட்டது. அதன்பிறகு பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துகொண்டார்.

தங்கமாரிக்கு மத்தியப்பிரதேசத்தில் ஓர் ஊரில் ஓராண்டுப் பயிற்சி. 2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நிறைவு அணிவகுப்பு என்று தேதி குறித்தது அணிவகுப்புக்கு ஆறு நாள் முன்புதான். அன்று மாலையே போனில் பேசினாள்.

“யப்பா, அணிவகுப்பு முடிஞ்சதும் அந்த எடத்துலயே அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்குத் தொப்பி வச்சு விடணும். யாரும் வராத பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா வச்சு விடுவாகளாம். நீங்க வாரீகளா?”

“வாரேன் தாயி.”

“கேட்டுல உங்க பேரைக் குடுத்துட்டேன். ஆதார் மட்டும் கொண்டாங்க, போதும்.”

அவள் சிறு வயதிலிருந்தே எதையும் கேட்டு வாங்குகிற பிள்ளை இல்லை. அன்றைக்கு அவள் கேட்ட விதத்தை அவர் இரண்டு நாள் நினைத்துக்கொண்டே இருந்தார். ரயிலில் இடம் இல்லை. அருப்புக்கோட்டை இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்ரியா கம்ப்யூட்டரில் தேடி, வியாழக்கிழமை பகல் 11.25-க்கு ஒரு விமானம், சென்னையில் இறங்கி இன்னொன்று, மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேரலாம், அங்கிருந்து இரண்டு மணி நேரம் பஸ் என்று எழுதிக் கொடுத்தாள். சோலையம்மாளுக்கு முழங்கால் வலி. உயரத்தில் ஏறினால் தலை சுற்றும் என்று அவள் முன்பே ஒதுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் கம்ப்ரஸர் டிராக்டர் ஓட்டுகிற கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்தான். இருவரும் ஒரே வயது.

“ஏலே சந்தனம், மேல போயி அங்கயும் குழி போட்டுறாத. நடுவழியில ஒதுங்கி நிக்க எடம் கெடையாது.”

“போறது மக தொப்பியைப் பாக்க. இவர் வாயைக் கெளறாதீங்கண்ணே” என்றாள் சோலையம்மாள்.

“கெளறலம்மா. ஒரு விசயம் சொல்ல வந்தேன். அங்க போயி வெடிங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. எங்க அக்கா மகன் கூட வேலை பாத்த ஆளு, பையில என்ன இருக்குன்னு கேட்டதுக்கு வெளையாட்டா குண்டுன்னு சொல்லியிருக்கான். மூணு மணி நேரம் உக்கார வச்சுட்டாக. இவன் அந்த அட்டையை வேற பையில வச்சுக்கிட்டுத் திரியுறான்.”

சோலையம்மாள் போய், ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து அட்டையை எடுத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். “யாரும் கேட்டா வெவசாயக் கூலின்னு சொல்லுங்க” என்றாள். சந்தனம் தலையாட்டினார். சட்டை, வேட்டி எல்லாம் புதிது. கிணற்றுக்கு எடுத்துப் போகிற பையை வீட்டில் வைத்துவிட்டு, துணிக்கடைப் பை ஒன்றில் மாற்றுத்துணியும் இரண்டு கிலோ கருப்பட்டி மிட்டாயும் வைத்துக்கொண்டார். வெடி சம்பந்தப்பட்ட எதுவும் தன்னோடு வரவில்லை என்று அவருக்குத் திருப்தி. வேட்டிக்கு மேலே கட்டுகிற பச்சை பெல்ட்டைப் பற்றி யாருக்கும் நினைப்பு வரவில்லை. பதினோரு ஆண்டுகளாக, வெடிக்குச்சியைப் பிரித்த அதே கையால் தினமும் அதைப் பூட்டிக் கழற்றி, பீடியும் சில்லறையும் அதன் பையில்தான் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்துக்குக் காலை 9.10-க்கே போய்ச் சேர்ந்தார். கிருஷ்ணப்ரியாவுக்குப் போன் போட்டு வந்துவிட்டேன் என்று சொன்னார். வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவர் டிக்கெட் தாளையும் ஆதாரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே ஒரு கவுண்டரில் அதையே கேட்டார்கள். பிறகு வரிசையில் இன்னொருவர் கேட்டார். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் என்ன என்று நினைத்தார், கேட்கவில்லை. சோதனை வரிசையில் நின்ற பெண் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டி, உள்ளே விட மாட்டார்கள், அந்தத் தொட்டியில் போட்டுவிடுங்கள் என்றாள். தொட்டியில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் நிறைந்த பாட்டில்கள் கிடந்தன. சந்தனம் ஓரமாக நின்று ஒரு லிட்டரையும் குடித்து முடித்துவிட்டுக் காலிப் பாட்டிலைப் போட்டார்.

அடுத்தது தட்டு. போன், செருப்பு, பை. “பெல்ட், பெல்ட்” என்றார் வடக்கத்திய காவலர். சந்தனம் சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். புது வேட்டி, கஞ்சி மொடமொடப்பில் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஏறினார். “இரண்டு கை மேலே” என்று சைகை செய்தார் காவலர். சந்தனம் ஒரு கையைத் தூக்கினார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். வேட்டி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார்.

மேடையிலிருந்து இறங்கி வந்தபோது இன்னொரு காவலர் ஒரு வெள்ளைத் துண்டுத் தாளால் அவருடைய பெல்ட்டைத் துடைத்து, தாளைச் சின்ன மிஷின் ஒன்றுக்குள் செருகிக்கொண்டிருந்தார். மிஷின் சிவப்பாகி விட்டு விட்டுக் கத்தியது. காவலர் புதுத் தாள் எடுத்தார். இந்தத் தடவை சந்தனத்தின் உள்ளங்கைகளைத் துடைத்தார். அதற்கும் கத்தியது. காவலர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு பேர் வந்து சந்தனத்தின் இரு பக்கமும் நின்றார்கள். மணி 10.05.

ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடியே சந்தனம் அவர்களோடு பக்கத்து அறைக்குப் போனார். சிறிது நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். சட்டையில் தமிழிலும் பெயர் இருந்தது: அருஞ்சுனை. நாற்பது வயது இருக்கும். சந்தனம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தொப்பியைப் பார்த்தார். தங்கமாரி அனுப்பி, கிருஷ்ணப்ரியா அச்செடுத்துக் கொடுத்து, வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற போட்டோவில், அவளுக்குப் பின்னால் பெரிதாக வரைந்திருந்த அதே முத்திரை அந்தத் தொப்பியில் இருந்தது.

“பெரியவரே, உக்காருங்க. பயப்பட வேண்டாம். உங்க பெல்ட்டுல வெடிமருந்துத் தடயம்னு மிஷின் காட்டுது. என்ன வேலை பாக்கிறீங்க?”

“கூலி வேலைங்க. வெவசாயக் கூலி.”

“உரம் எதுவும் போட்டீங்களா? சில உரத்துக்கும் இப்படிக் காட்டும். யூரியா மாதிரி?”

சொல்லித் தப்பிக்க ஒரு வழியை அவரே காட்டினார். ஆனால் அது மாசி எட்டாம் தேதி. மானாவாரிக் காட்டில் மாசியில் எவன் உரம் போடுவான்? தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற நினைப்பில் சந்தனம், “இப்ப ஏதுங்க உரம்? எல்லாம் அறுத்தாச்சு” என்றார்.

அருஞ்சுனை அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினார். முன்கையில் இருந்த கரும்புள்ளிகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இது கல்லு தெறிச்சது. எங்க ஊர்ப் பக்கம் குவாரி உண்டு, எனக்குத் தெரியும். வெடி வேலைதானே?”

சந்தனம் குனிந்துகொண்டார். “ஆமாங்கய்யா. கிணத்து வேலை. லைசென்ஸ் முதலாளி பேர்ல இருக்கு.”

“உங்களுக்கு ஒரு அட்டை குடுத்திருப்பாங்களே, எங்க?”

“வீட்டுல இருக்குங்க.”

“வச்சிட்டு வந்தீங்களா, மறந்துட்டு வந்தீங்களா?”

“வச்சிட்டுத்தான் வந்தேன். இங்க காட்டக் கூடாதுன்னு சொன்னாக.”

“இங்கதான்யா அதைக் காட்டணும்” என்று சொல்லி அருஞ்சுனை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆதாரில் இருந்த முகவரியைக் கொண்டு ஊர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்கள். எழுத்தர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. வெளியே ஒலிபெருக்கியில் விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மணி 10.45.

அருஞ்சுனை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“முதல்ல பொய் சொல்லிட்டீங்க. அதுதான் சிக்கல். இப்ப யாரைப் பாக்கப் போறீங்க, சொல்லுங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசி ஒத்துப்போச்சுன்னா மேலிடத்துல சொல்லி உங்களை ஏத்தி விட முடியும். கால்மணி நேரம் இருக்கு.”

மேஜை மேல் தடித்த பதிவேடு ஒன்று திறந்து கிடந்தது. ஒரு காவலர் அதில் சந்தனத்தின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார். அடுத்த கட்டம் காலியாக இருந்தது. சந்தனம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். மகள் பெயரைச் சொன்னால் அங்கேதான் எழுதுவார்கள். எழுதியது அவளுடைய மேலதிகாரிக்குப் போகும். எல்லாரும் ஒரே தொப்பி போட்டவர்கள். வெடிமருந்தோடு பிடிபட்டவன் மகள் என்று ஆகும். நாளைக் காலை தொப்பி வைக்கிற நேரத்தில் அவளை வரிசையிலிருந்து தனியே கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு அப்பா வரவில்லை என்று மட்டும் ஆகும்.

“யாரும் இல்லைங்க” என்றார். “சும்மா ஊர் பாக்கப் போறேன்.”

அருஞ்சுனை துணிக்கடைப் பையைக் காட்டினார். “ஊர் பாக்கப் போறவர் ரெண்டு கிலோ மிட்டாயோட போவாரா? யாரோ பிள்ளைக்குக் கொண்டு போறீங்க.”

“பிள்ளைக எதுவும் கெடையாதுங்கய்யா.”

ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. பயணி சந்தனம் உடனடியாக வாயிலுக்கு வரவும். மூன்று மொழிகளில் சொன்னது. பிறகு மறுபடியும் சொன்னது. அவருடைய பெயர் மைக்கில் ஒலித்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. 11.02-க்குப் பிறகு அழைப்பு இல்லை. 11.31-க்குக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. விமானம் கிளம்பிவிட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

11.50-க்கு ஊர் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அதைத் தொடர்ந்து முதலாளி மருதுபாண்டியே பேசினார். அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. “சார், அவுக எங்க சந்தனண்ணன். முப்பது வருசமா எங்கப்பா காலத்துலருந்து இருக்காக. நானே அவுக வீட்டுக்குப் போயி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புறேன், அவுகளை விட்டுருங்க சார்.” சற்று நேரத்தில் அட்டையின் படமும் வந்தது. அருஞ்சுனை பதிவேட்டில் எழுதி முடித்து, கையெழுத்துக்காகச் சந்தனத்தின் பக்கம் திருப்பினார்.

“அய்யா, இதுல என்ன எழுதியிருக்கு?”

“தொழில் காரணமான தடயம். உரிமம் சரிபார்க்கப்பட்டது. குற்றம் எதுவும் இல்லை, விடுவிக்கப்பட்டார்.”

“கேஸு?”

“கேஸெல்லாம் கெடையாது.”

“வேற யாரு பேரும் இருக்கா?”

“உங்க பேரும் முதலாளி பேரும் மட்டும்தான்.”

சந்தனம் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார். பிறகுதான் சொன்னார். “எம் மக உங்க படையிலதாங்க இருக்கு. தங்கமாரின்னு பேரு. நாளைக்குக் காலையில அணிவகுப்பு. தொப்பி வைக்கக் கூப்புட்டுச்சு.”

அருஞ்சுனை பதிவேட்டை மூடினார்.

“பெரியவரே, அந்தப் பேரைச் சொல்லியிருந்தா பயிற்சி மையத்துக்கு ஒரு போன் போட்டிருப்பேன். பத்து நிமிஷ வேலை. அவளுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.”

“எனக்கு அது தெரியாதுங்களே.”

“தெரியாதுதான்” என்றார் அருஞ்சுனை. அவரே கவுண்டருக்குப் போய் அரைமணி நேரம் விசாரித்துவிட்டு வந்தார். எந்த வழியாகப் போனாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்னால் அந்த ஊரில் இறங்க முடியாது. பெல்ட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். வாசல் வரை கூட வந்தார்.

மாலை 6.40-க்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சந்தனத்தின் போன் அடித்தது. பயிற்சிப் பிள்ளைகளுக்குப் போன் கொடுக்கிற நேரம் அது.

“யப்பா, எறங்கிட்டீகளா? சாப்பிட்டீகளா?”

“வரலை தாயி. அருப்புக்கோட்டையில நிக்கிறேன். பஸ்ஸு லேட்டாயிருச்சு, பிளைட்டை விட்டுட்டேன்.”

“ஒம்பது மணிக்கே போயிட்டீகன்னு கிருஷ்ணப்ரியா மெசேஜ் போட்டிருக்காளே.”

பரளச்சி பஸ் உள்ளே வந்து நின்றது. சந்தனம் ஏறவில்லை.

“யப்பா, மிஷினு அடிச்சிருச்சா?”

“ம்.”

“பெல்ட்டா?”

“ஆமா.”

எதிர்முனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. “ஆறு வாரம் அந்த மிஷினைத்தான் படிச்சேன். யாரு யாருக்கெல்லாம் அடிக்கும்னு பட்டியலே மனப்பாடம். நம்ம வீட்டுல பெல்ட்டு இருக்குன்னு எனக்குத் தோணலையே. எம் பேரைச் சொன்னீகளா?”

“இல்ல.”

“கேக்கலையா அவுக?”

“கேட்டாக. பிள்ளைக கெடையாதுன்னுட்டேன்.”

போன் கட்டாகிவிட்டதோ என்று சந்தனம் திரையைப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“சரி. வாத்தியாரம்மா வச்சு விடட்டும்” என்றாள் கடைசியில். “நீங்க சாப்பிட்டுட்டுப் பஸ் ஏறுங்க.”

“தாயி, ஒண்ணு சொல்றேன். நாளைக்கு மேல நீயும் அந்த எடத்துலதான் நிப்ப. நிறுத்த வேண்டிய ஆளை நிறுத்து, அது உன் வேலை. அவுகளும் என்னைய ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. கேள்வி கேக்குறதுக்கு முன்னால ஆளு வேட்டியைக் கட்டிக்கிடட்டும். அவ்வளவுதான்.”

“சரிப்பா” என்றாள் தங்கமாரி. போன் நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மருதுபாண்டி கூப்பிட்டார். பந்தல்குடிப் பக்கம் ஒரு கிணற்றில் குழி போட்டாகிவிட்டது, வரமுடியுமா என்று கேட்டார். எட்டரைக்கு மேல் வருகிறேன் முதலாளி என்றார் சந்தனம். குளித்துவிட்டு, நேற்றுக் கட்டிய புது வேட்டியையும் சட்டையையும் மறுபடி உடுத்திக்கொண்டார். சோலையம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. ஏழரை ஆனதும் வீட்டுக்குள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடு கத்தியதற்குக்கூட எழுந்திருக்கவில்லை. அணிவகுப்பு ஒரு மணி நேரம் என்று மகள் சொல்லியிருந்தாள். எட்டரைக்குச் சந்தனம் எழுந்து, சட்டையையும் வேட்டியையும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அழுக்குச் சட்டையும் பழைய வேட்டியும் உடுத்திக்கொண்டு பந்தல்குடிக்குக் கிளம்பினார்.